பாசனத்தின் பங்கிலிருந்து பத்து சதவீதம் எடுத்தால் போதுமா?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. ஓர் ஆற்றுப்படுகையில் அரசு உரிமம் கொடுத்திருக்கும் நீர் விவசாயம், நகரக் குடிநீர், தொழிற்சாலை, மின் உற்பத்தி என்று எப்படிப் பிரிகிறது என்பது முதல் பகுதி. பாசனமே பெரும்பங்கை வைத்திருக்கும்போது அதிலிருந்து ஒரு பத்து சதவீதத்தை நகரங்களுக்கு மாற்றிவிட்டால் தட்டுப்பாடு தீர்ந்துவிடாதா என்பது இரண்டாவது.

சில படுகைகளில் தீரும். பல படுகைகளில் அந்தப் பத்து சதவீதம் காகிதத்தில் மட்டுமே இருக்கும் நீர். வேறு சில இடங்களில் அது ஏற்கெனவே கீழே யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கும் நீர். எது எங்கே என்று தெரியாமல் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், யாருடைய நீரை எடுக்கிறோம் என்றே தெரியாமல் எடுத்துவிடுவோம். அதனால் முதல் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

உரிமம் என்பது பெரும்பாலான நாடுகளில் ஓர் உச்சவரம்புதான். இந்த இடத்தில், இந்த ஆற்றிலிருந்து, ஆண்டுக்கு இவ்வளவு கன மீட்டர் வரை, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் போகாமல், இன்ன மாதங்களில், இன்ன பயனுக்கு எடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். படுகை அதிகாரிகள் இந்த உரிமங்களின் ஆண்டு அளவுகளைத் துறைவாரியாகக் கூட்டிப் போட்டால், நாம் வழக்கமாகப் பார்க்கும் வட்டப்படம் கிடைக்கும். உலக அளவில் எடுக்கப்படும் நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் விவசாயத்துக்கு, 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொழில்துறைக்கு, மீதி சுமார் 12 சதவீதம் நகராட்சிகளுக்கு என்று சொல்வார்கள். படுகைக்குப் படுகை இது மாறும். வறண்ட நிலத்தில் பாசனம் 90 சதவீதத்தைத் தொடும். மழை நிறைய உள்ள, தொழிற்சாலைகள் நிறைந்த படுகையில் பாசனம் ஒரு ஓரத்தில் இருக்கும்.

அந்தப் படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் நான்கு விஷயங்கள் தெரியாது: உரிமத்தில் உள்ள நீர் உண்மையில் எடுக்கப்படுகிறதா, எடுத்ததில் எவ்வளவு ஆற்றுக்குத் திரும்புகிறது, வறட்சியில் யாருக்கு முதலில் வெட்டு விழும், இதற்கெல்லாம் முன்னால் ஆற்றுக்கென்று எவ்வளவு விடப்பட்டது. பங்கீடு நடப்பதே இந்த நான்கில்தான்.

உரிமத்தின் கூட்டுத்தொகையும் ஆற்றில் ஓடும் நீரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. இதற்கு எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் கொலராடோ ஆறு. 1922 ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்படுகைக்கு 75 லட்சம் என்று பிரித்தார்கள் (ஓர் ஏக்கர்-அடி சுமார் 1,233 கன மீட்டர்). 1944 உடன்படிக்கையில் மெக்சிகோவுக்கு 15 லட்சம் சேர்ந்தது. ஆகமொத்தம் 165 லட்சம். 1922-க்கு முந்தைய சில பத்தாண்டுகள் வழக்கத்தைவிட ஈரமானவை; அந்தக் கணக்கை வைத்துத்தான் பிரித்தார்கள். 2000-க்குப் பிறகு ஆற்றின் இயற்கையான ஓட்டம் சராசரியாக 125 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறது. நீண்ட காலம் இந்த இடைவெளி யாரையும் உறுத்தவில்லை. காரணம் எளிது: மேல்படுகை மாநிலங்கள் தங்கள் பங்கை முழுதாக எடுக்கவே இல்லை. எடுக்கப்படாத உரிமைதான் கணக்கை இடிக்காமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இதே விஷயம் ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் படுகையில் வேறு விதமாக வெடித்தது. அங்கே 1995-இல் நீர் எடுப்புக்கு ஓர் உச்சவரம்பு போட்டார்கள். 1993-94 இல் இருந்த வளர்ச்சி நிலைக்கு மேல் போகக்கூடாது என்பது அடிப்படை. அதே காலத்தில் உரிமங்களை வாங்கி விற்கும் சந்தையும் விரிந்தது. அதுவரை பெட்டிக்குள் இருந்த, ஒருபோதும் பயன்படுத்தாத உரிமங்களுக்குத் திடீரென்று விலை வந்துவிட்டது. உரிமையாளர்கள் விற்றார்கள், வாங்கியவர்கள் நீரை எடுத்தார்கள். அங்கே இப்படிப்பட்ட உரிமங்களைத் தூங்கும் உரிமங்கள் என்றே சொல்வார்கள். அவை விழித்ததும், உச்சவரம்புக்குள் நிற்பதற்காக, அதுவரை முறையாகப் பயன்படுத்தி வந்தவர்களின் ஒதுக்கீடு குறைந்தது. புதிய உரிமம் ஒன்றுகூடக் கொடுக்காமலே ஆற்றிலிருந்து எடுக்கும் நீர் கூடலாம் என்பதை அந்த அனுபவம் காட்டியது.

ஆகவே உங்கள் பத்து சதவீதம் தூங்கும் உரிமங்களிலிருந்து வருகிறது என்றால், அது மாற்றம் இல்லை. ஆற்றிலிருந்து புதிதாக எடுப்பதுதான். நகரங்களின் பக்கமும் இதே கதை உண்டு. இருபது, முப்பது ஆண்டு வளர்ச்சியைக் கணக்கில் வைத்து நகரங்கள் உரிமம் வாங்கி வைக்கின்றன. பட்டியலில் அவற்றின் பங்கு பெரிதாகத் தெரியும், எடுப்பு சிறிதாக இருக்கும். விவசாயியின் உரிமமோ பெரும்பாலும் மிக வறண்ட ஆண்டின் தேவைக்கு வாங்கியது. மழை நன்றாக இருக்கும் ஆண்டில் அதில் பாதிகூட எடுக்க வேண்டியிருக்காது.

பயன்படுத்தாத உரிமத்தை என்ன செய்வது என்பதில் நாடுகள் நேரெதிர் வழிகளில் போயிருக்கின்றன. மேற்கு அமெரிக்க மாநிலங்களில் தொடர்ந்து பல ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டால் உரிமை போய்விடும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தேவை இல்லாத ஆண்டிலும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே நீரை எடுக்கும் பழக்கத்தை அது வளர்த்துவிட்டது. சிலியின் 1981 சட்டமோ உரிமையைக் காலவரையின்றிக் கொடுத்தது, பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. அதனால் பெரிய உரிமைகளை வாங்கி அடைகாத்தவர்கள் வந்தார்கள். 2005-இல் பயன்படுத்தாத உரிமைக்குக் கட்டணம் விதித்தார்கள். 2022 திருத்தத்தில் மனிதரின் குடிநீர்த் தேவைக்கு முன்னுரிமை கொடுத்து, புதிதாகத் தரும் உரிமைகளைப் பொதுவாக 30 ஆண்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். எனக்கு இந்த இரண்டாவது அணுகுமுறையின் திருத்தப்பட்ட வடிவம்தான் சரியாகப் படுகிறது: காலவரம்பு வேண்டும், ஆனால் நீரைச் சேமிப்பவரின் உரிமையைப் பிடுங்கக்கூடாது.

அடுத்தது எடுப்புக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு. இதை விளங்கிக்கொண்டால் படுகைக் கணக்கில் பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் 2015-க்கான தேசியக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மொத்த எடுப்பில் அனல் மற்றும் அணு மின் நிலையங்கள் 41 சதவீதம், பாசனம் 37 சதவீதம், பொதுக் குடிநீர் விநியோகம் 12 சதவீதம். இதை மட்டும் பார்த்தால் மின் நிலையம்தான் பெரிய குடிகாரன் என்று தோன்றும். ஆனால் மின் நிலையம் எடுத்த நீரில் சுமார் 3 சதவீதம்தான் ஆவியாகி இழந்தது. மீதி, சற்றுச் சூடாக, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி விடப்பட்டது. பாசனத்தில் எடுத்ததில் 62 சதவீதம் பயிர் வழியாகவும் மண் வழியாகவும் காற்றுக்குப் போய்விட்டது. எடுப்பில் ஏறக்குறைய சமமாக நிற்கும் இரண்டு துறைகள், செலவில் 1-க்கு 17 என்ற அளவில் விலகி நிற்கின்றன. (மின் நிலையத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு: நீர் செலவாகாவிட்டாலும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கோடையில் ஆறு வற்றினாலோ நீர் சூடானாலோ உற்பத்தியைக் குறைக்க வேண்டிவரும்.)

நகரம் இடையில் நிற்கிறது. வீட்டுக்குள் பயன்படும் நீரில் பெரும்பகுதி சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும். அந்த நிலையம் ஆற்றங்கரையில் இருந்தால், கீழே உள்ள ஊருக்கு அது மறுபடியும் ஆற்று நீர். நகரம் கடற்கரையில் இருந்து, கழிவுநீர் நேராகக் கடலுக்குப் போனால், படுகையின் கணக்கில் அந்த நகரம் எடுத்தது அத்தனையும் செலவுதான். இரண்டு நகரங்களுக்கும் ஒரே அளவு உரிமம் இருக்கலாம். ஆற்றின் மேல் விழும் சுமை ஒன்றல்ல.

இப்போது பத்து சதவீதத்துக்கு வருவோம். மேல்படுகையில் ஒரு வாய்க்கால் 100 பங்கு எடுக்கிறது என்று வையுங்கள். 55 பங்கு பயிருக்குப் போகிறது. 45 பங்கு வடிகாலாகவும் கசிவாகவும் ஆற்றுக்கே திரும்புகிறது. கீழே இன்னொரு வாய்க்கால் அந்த 45-ஐ நம்பித்தான் பயிர் செய்கிறது. மேலே உள்ளவர் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டு, சொட்டுநீர் அமைத்து, எடுப்பை 75-ஆகக் குறைத்து, மிச்சமான 25-ஐ நகரத்துக்கு விற்கிறார். அவருடைய பயிர் முன்போலவே 55 குடிக்கிறது. வடிகாலில் வருவது இப்போது 20. நகரம் வாங்கிய 25-ம் கீழ் வாய்க்காலுடையது. கையெழுத்து போட்டவர்களில் அந்தக் கடைமடை விவசாயி இல்லவே இல்லை.

இந்த அநியாயத்தைத் தடுக்கத்தான் மேற்கு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஒரு விதி இருக்கிறது: உரிமையை மாற்றும்போது எடுப்பின் அளவை மாற்ற முடியாது, இதுவரை உண்மையில் பயிர் குடித்த அளவை மட்டுமே மாற்றலாம், மற்ற உரிமையாளர் யாருக்கும் பாதிப்பு வரக்கூடாது. விதி நல்லது. நிரூபிக்கச் செலவும் காலமும் ஆகும், வழக்கறிஞரும் பொறியாளரும் வேண்டும். அதனால் சிறு விவசாயி எதிர்த்து நிற்பது கடினம் என்ற குறையும் இருக்கிறது. சிலியில் இதை உரிமத்திலேயே பிரித்துவிட்டார்கள்: நீரைச் செலவழிக்கும் உரிமை ஒன்று, செலவழிக்காமல் திருப்பி விட வேண்டிய உரிமை இன்னொன்று. நீர்மின் நிலையங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

கசிவு என்றால் வீண் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்குக் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு நல்ல சாட்சி. அங்குள்ள பாசன மாவட்டம் (வயல்களுக்கு நீர் பகிர்ந்து தரும் உள்ளூர் அமைப்பு) கொலராடோவிலிருந்து ஆண்டுக்கு 31 லட்சம் ஏக்கர்-அடி வரை எடுக்கலாம்; படுகையிலேயே தனியொரு அமைப்பின் மிகப் பெரிய பங்கு அது. 2003 உடன்பாட்டில் ஆண்டுக்கு 2 லட்சம் ஏக்கர்-அடி வரை சான் டியாகோ பகுதிக்குத் தர ஒப்புக்கொண்டது. அதோடு மெக்சிகோ எல்லையை ஒட்டி ஓடும் ஆல்-அமெரிக்கன் கால்வாயில் 23 மைல் நீளத்துக்குக் கான்கிரீட் போட்டு, ஆண்டுக்கு 67,700 ஏக்கர்-அடி கசிவை மிச்சப்படுத்தினார்கள். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் கசிவு பல பத்தாண்டுகளாக எல்லைக்கு அப்பால் மெக்சிகாலி பள்ளத்தாக்கின் கிணறுகளை நிரப்பிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் வயல்களின் வடிகால் நீர் சால்டன் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியேற வழி இல்லாத அந்த ஏரிக்கு உயிரே வடிகால் நீர்தான். ஏரியைத் தாங்க 15 ஆண்டுக்கு மாற்று நீர் விட்டார்கள், 2017 முடிவில் அது நின்றது. ஏரி சுருங்க, வெளியே தெரிந்த அடித்தரையிலிருந்து தூசி கிளம்புகிறது. சுற்றியுள்ள ஊர்களின் குழந்தைகள் அதைச் சுவாசிக்கிறார்கள். அந்த மாற்றம் நடந்திருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதன் செலவைச் சுமந்தவர்கள் பேரத்தில் உட்காரவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, வறட்சியில் யாருக்கு முதலில் வெட்டு விழும் என்பது. ஒரு துறையின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கொலராடோ ஆற்றில் முதலில் வந்தவருக்கு முதல் உரிமை. பழைய உரிமம் முழுதாக நிறைந்த பிறகுதான் புதிய உரிமத்துக்கு ஒரு சொட்டு. அரிசோனாவின் நடுப்பகுதிக்கு நீர் கொண்டுபோகும் பெரிய கால்வாய்த் திட்டத்துக்கு 1968-இல் அனுமதி கிடைத்தபோது, கலிஃபோர்னியாவின் பங்கான 44 லட்சம் ஏக்கர்-அடிக்குப் பின்னால் நிற்கிறோம் என்று ஒப்புக்கொண்டுதான் அரிசோனா வாங்கியது. 2021 ஆகஸ்டில் வரலாற்றில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு அரிசோனாவின் 28 லட்சத்தில் 5,12,000 ஏக்கர்-அடி போயிற்று. கால்வாய்த் திட்டத்துக்குள்ளும் நகரங்களுக்கும் பழங்குடி நாடுகளுக்கும் முன்னிடம், விவசாயத்துக்குப் பின்னிடம். ஆகவே வெட்டில் பெரும்பகுதி நடு அரிசோனா விவசாயிகளின் மேல் விழுந்தது. அதே ஆண்டில், அதே மாநிலத்தில், ஆற்றோரம் யூமாவில் பழைய உரிமை வைத்திருந்த விவசாயிகளுக்கு அந்த வெட்டு படவில்லை. "விவசாயத் துறையின் பங்கு" என்று ஒரே எண்ணாகப் போடும்போது இந்த இரண்டு பேரும் ஒரே கட்டத்துக்குள் அடைபட்டுவிடுகிறார்கள்.

முர்ரே-டார்லிங்கில் உரிமத்தின் வயதுக்குப் பதிலாக அதன் வகுப்பு. நியூ சவுத் வேல்ஸில் உயர் பாதுகாப்பு உரிமம், பொதுப் பாதுகாப்பு உரிமம் என்று இரண்டு முக்கிய வகை. அணையில் நீர் சேரச் சேர, முதலில் நகரத் தேவைக்கும் உயர் பாதுகாப்புக்கும் ஒதுக்குவார்கள். அதன் பிறகு மிஞ்சுவதைப் பொதுப் பாதுகாப்பு உரிமங்களுக்கு இத்தனை சதவீதம் என்று அறிவிப்பார்கள். பருவம் போகப் போக அந்தச் சதவீதம் ஏறும். திராட்சை, பாதாம் வைத்திருப்பவர் உயர் வகை உரிமத்தை நாடுவார், ஏனென்றால் ஓர் ஆண்டு நீர் இல்லாவிட்டால் மரமே போய்விடும். நெல் போடுபவர் பொது வகையில் இருப்பார், நீர் வராத ஆண்டில் விதைக்காமல் விட்டுவிடலாம். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி 2009 வரை நீண்ட வறட்சியின் உச்சத்தில், முர்ரே பள்ளத்தாக்கில் பொதுப் பாதுகாப்பு உரிமத்துக்குப் பூஜ்யம் சதவீதம் அறிவித்த ஆண்டுகள் இருந்தன. நல்ல ஆண்டில் பத்து லட்சம் டன்னைத் தாண்டும் ஆஸ்திரேலிய நெல் உற்பத்தி, 2008 அறுவடையில் 20,000 டன்னுக்கும் கீழே இறங்கியது. மரங்கள் பெருமளவு பிழைத்தன. நெல் விவசாயிகளில் சிலர் கையில் இருந்த கொஞ்ச நீரையும் மரப்பயிர்க்காரர்களுக்கு விற்று அந்த ஆண்டை ஓட்டினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முன்னுரிமையில் கீழே இருக்கும் உரிமத்தை நகரம் வாங்கினால், சாதாரண ஆண்டில் நீர் வரும், நகரத்துக்கு மிகவும் தேவைப்படும் வறண்ட ஆண்டில் வராது. குழாயில் நீர் வர வேண்டிய நகரத்துக்கு மேல்வகை உரிமமே வேண்டும். அப்படிப்பட்ட நீர் இருப்பது பெரும்பாலும் பழைய பாசன மாவட்டங்களிடமும் மரப்பயிர்க்காரர்களிடமும். பத்து சதவீதம் என்று பொதுவாகச் சொல்லும்போது எந்தப் பத்து என்று யாரும் கேட்பதில்லை.

சில இடங்களில் வெட்டைத் துறைவாரியாக அந்தந்த ஆண்டு முடிவு செய்வார்கள். தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனும் சுற்றுப்புறப் பாசனமும் ஒரே அணைத் தொகுப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. 2017-18 வறட்சியில் நகரத்துக்கு 45 சதவீதமும் விவசாயத்துக்கு 60 சதவீதமும் வெட்டு விதித்தார்கள். விவசாயம் தன் ஒதுக்கீட்டின் முடிவை நெருங்கியதும் எடுப்பு தானாகவே நின்றது, அணை இறங்கும் வேகம் குறைந்தது. 2018 பிப்ரவரியில் குரோன்லாண்ட் நீர்ப்பயனாளர் சங்கத்தின் விவசாயிகள் தங்கள் சேமிப்பிலிருந்து சுமார் 1,000 கோடி லிட்டரை நகரத்தின் அணைக்கு விட்டார்கள். நகர மக்கள் சிக்கனமாக இருந்தது உண்மை, அதைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் குழாய்கள் மூடப்படாமல் தப்பியதில் வயல்களுக்கும் பங்கு இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது எனக்கு வருத்தமே.

நான்காவது, ஆற்றின் பங்கு. இது பட்டியலில் ஒரு துறையாக வருவதே அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன், எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சினால் ஆற்றுக்கு என்பதே நடைமுறை. மிஞ்சவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை மஞ்சள் ஆறு காட்டியது. சீனா 1987-இல் அந்த ஆற்றின் சராசரி ஓட்டம் 5,800 கோடி கன மீட்டர் என்று கணக்கிட்டு, 3,700 கோடியை மாகாணங்களுக்குப் பிரித்து, 2,100 கோடியை வண்டலை அடித்துச் செல்வதற்கென்று ஆற்றிலேயே விட்டது. தாளில் சரியான பங்கீடு. ஆனால் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று நாள்வாரியாகக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. 1997-இல் ஆற்றின் கீழ்ப்பகுதி 226 நாள் வறண்டு கிடந்தது. 1999-இல் மேலிருந்து கீழ்வரை ஒரே அமைப்பு மதகுகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய பிறகே ஆறு மறுபடி கடலைத் தொட்டது.

ஆற்றுக்கு நீர் ஒதுக்கும் வழிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. தென் ஆப்பிரிக்காவின் 1998 சட்டம் உரிமம் கொடுப்பதற்கு முன்பே ஒரு பகுதியை எடுத்து வைக்கிறது: மனிதரின் அடிப்படைத் தேவைக்கும், ஆற்றின் உயிரோட்டத்துக்கும். மீதிதான் உரிமத்துக்கு. இங்கிலாந்தில் பல உரிமங்களோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கும்: ஆற்றின் ஓட்டம் இந்த அளவுக்குக் கீழே போனால் நீ எடுப்பதை நிறுத்த வேண்டும். ஆஸ்திரேலியாவோ ஆற்றையும் ஓர் உரிமையாளராக்கிவிட்டது. 2007 சட்டத்தின்படி அமைந்த சுற்றுச்சூழல் நீர் அதிகாரி விவசாயிகளிடமிருந்து உரிமங்களை வாங்கி வைத்திருக்கிறார். 2012 படுகைத் திட்டம் ஆற்றுக்கு மீட்க வேண்டிய இலக்காக ஆண்டுக்கு 275 கோடி கன மீட்டரை முதலில் வைத்தது. அந்த உரிமங்கள் அந்தந்த வகுப்பு விதிக்கே கட்டுப்பட்டவை. பொதுப் பாதுகாப்பு வகைக்குப் பூஜ்யம் என்றால் ஆற்றின் உரிமத்துக்கும் பூஜ்யம். ஈரமான ஆண்டில் சதுப்பு நிலங்களுக்கு வெள்ளம் விட இது நல்ல கருவி. வறண்ட கோடையில் மீன் குட்டைகளைக் காப்பாற்ற, முன்பே எடுத்து வைக்கும் முறையோ நிறுத்தல் நிபந்தனையோ கூடவே வேண்டும். ஒன்றை மட்டும் நம்புவது போதாது என்பதே என் கருத்து.

இடமும் வழியும் இன்னொரு தடை, இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரிமம் கைமாறலாம், நீர் போய்ச் சேர வேண்டுமே. முர்ரே ஆற்றில் பார்மா என்ற இடத்தில் ஆறு இயல்பாகவே குறுகி, நாளொன்றுக்குச் சுமார் 700 கோடி லிட்டருக்கு மேல் போனால் கரை தாண்டிக் காட்டுக்குள் பாய்கிறது. மேலே உள்ள நெல் வயல்களின் நீரைக் கீழே உள்ள பாதாம் தோட்டங்களுக்கு விற்கும் வியாபாரம் இந்தக் குறுகலில் முட்டி நிற்கிறது. அதனால் அதைத் தாண்டிய விற்பனைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அப்புறம் நிலத்தடி நீர்: ஆற்று உரிமத்தை விற்றவர் கரையோரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டால், அதே நீரை இரண்டு தடவை கொடுத்ததாகிவிடும். கிணற்றையும் ஆற்றையும் ஒரே கணக்கில் வைக்காத படுகையில் எந்த மாற்றத்தையும் நம்ப முடியாது.

சரி, இத்தனை சிக்கலுக்கும் இடையில் பாசனத்திலிருந்து நகரத்துக்கோ தொழிலுக்கோ ஒழுங்காக நீர் மாற வழியே இல்லையா? இருக்கிறது. சீனாவில் நிங்சியாவிலும் உள் மங்கோலியாவிலும் 2003 முதல் ஒரு முறை நடைமுறைக்கு வந்தது: நீர் வேண்டிய மின் நிலையமும் தொழிற்சாலையும் பாசன வாய்க்கால்களைச் சீரமைக்கும் செலவை ஏற்க வேண்டும், மிச்சமாகும் அளவுக்கு அவற்றுக்கு உரிமை. விவசாயிக்கு வாய்க்கால் புதிதாகிறது, பயிர்ப்பரப்பு குறையவில்லை. ஆனால் கசிவை நம்பியிருந்த நிலத்தடி நீருக்கும் சிறு ஏரிகளுக்கும் என்ன நேர்கிறது என்று கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே சொன்ன கான்கிரீட் பிரச்சினை இங்கும் அப்படியே உண்டு.

எனக்கு அதிகம் பிடித்தது கொலராடோ கரையில் பாலோ வெர்டே பள்ளத்தாக்கில் நடக்கும் முறை. தென் கலிஃபோர்னியாவின் பெருநகர நீர் மாவட்டமும் அங்குள்ள விவசாயிகளும் 35 ஆண்டுக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். உரிமை விவசாயியிடமே இருக்கும். நகரத்துக்குத் தேவை வரும் ஆண்டில் முன்னறிவிப்பு கொடுக்கும். விவசாயிகள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைச் சுழற்சி முறையில் தரிசாக விடுவார்கள். அதற்குப் பணம் வாங்குவார்கள். தரிசு விட்ட நிலத்தில் பயிர் குடித்திருக்க வேண்டிய நீர்தான் மாறுகிறது என்பதால், கீழே உள்ளவரின் வடிகால் நீர் அதோடு சேர்ந்து விற்கப்படுவதில்லை. தேவை இல்லாத ஆண்டில் வயல் மறுபடி பச்சையாகும்.

நில உரிமையாளருக்குப் பணம் வருகிறது. களை எடுத்தவர், டிராக்டர் ஓட்டியவர், விதையும் உரமும் விற்றவர் ஆகியோருக்கு அந்த ஆண்டு வேலை இல்லை. இந்தக் குறையை அந்த ஒப்பந்தம் போட்டவர்கள் பார்த்தார்கள், ஊருக்கென்று தனியாக ஒரு நிதியும் ஏற்படுத்தினார்கள். போதுமானதா என்பதில் அங்கேயே வாதம் உண்டு. அதேபோல, ஒரு வாய்க்காலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பலர் நிரந்தரமாக விற்றுவிட்டுப் போனால், மீதி இருப்பவர்கள் முழு வாய்க்காலின் பராமரிப்புச் செலவையும் சுமக்க வேண்டிவரும். ஆஸ்திரேலியாவில் இதற்காகவே வெளியேறுபவர் ஒரு கட்டணம் செலுத்திவிட்டுப் போகும் ஏற்பாடு இருக்கிறது.

ஆகவே உங்கள் படுகையில் அந்தப் பத்து சதவீதத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், துறைவாரிச் சதவீதப் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கடந்த பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு உரிமத்திலும் உண்மையில் எடுத்த அளவு, அதில் ஆற்றுக்குத் திரும்பிய அளவு, மிக வறண்ட ஆண்டில் அந்த உரிமத்துக்குக் கிடைத்த அளவு என்ற மூன்று கணக்குகளைக் கேளுங்கள். அவை கையில் இருக்கும் படுகை அலுவலகத்தால் எந்த நீரை மாற்றலாம், யாருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று சில வாரங்களில் சொல்லிவிட முடியும். அவை இல்லையென்றால் மாற்றத்தைத் தள்ளிவைத்து, முதலில் மதகுகளிலும் வடிகால்களிலும் அளவுமானி பொருத்தச் சொல்லுங்கள்.